ஊர் சம்மதித்த வேகம்

ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னும் நல்ல பெயர் அமையவில்லை. 'பந்தயக் கார்' என்றால் அது பந்தயத் தடத்தில் மட்டும் ஓடுவது, சாலைக்கு வராதது. 'விரைவுச் சிற்றுந்து' என்று யாரேனும் ஆக்கித் தரக்கூடும். ஆனால் அதை வாங்குகிறவரும் அப்படிச் சொல்லமாட்டார், ஓரத்தில் நின்று வியக்கிறவரும் சொல்லமாட்டார். ஆகவே நாமும் ஸ்போர்ட்ஸ் கார் என்றே எழுதுவோம்.

இலக்கியம் பேசுகிற நமக்கு இந்தக் காரோடு என்ன வழக்கு என்று நண்பர்கள் கேட்கலாம். அதுவும் பந்தல்குடி போன்ற ஒரு கரிசல் ஊரை வைத்துக்கொண்டு இதைப் பேசுவது பொருத்தமா என்றும் கேட்கலாம். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் நான்குவழிச் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர் அது. சுற்றிலும் மானாவாரி நிலம். மழை பெய்தால் பருத்தி, உளுந்து, மல்லி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம், கரிமூட்டம். நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். அதை வெட்டியெடுத்துச் சிமெண்டு ஆக்குகிறார்கள். இந்த ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் யாரும் இல்லாமலிருக்கலாம். ஆனால் அந்த நான்குவழிச் சாலையில் எவர் காரும் வரலாம். சொத்து எங்கோ இருக்கிறது, அதன் விளைவு இங்கே வந்து சேர்கிறது. இந்தக் காரை வைத்திருப்பதன் நன்மை தீமைகளைச் சாலை ஓரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று நாம் நினைப்பது அதனால்தான்.

முதலில் நன்மைகளைச் சொல்லிவிடுவோம். வெறுப்போடு தொடங்கினால் விவாதம் நேர்மையாக இராது.

ஸ்போர்ட்ஸ் கார் என்பது பெரும்பாலும் இருவர் அமரும் வண்டி. தரையோடு தாழ்ந்தது, எடை குறைந்தது, சாமான் வைக்க இடமற்றது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போக உதவாது, மூட்டை ஏற்ற உதவாது. ஓட்டுவதற்காகவே ஓட்டப்படும் வண்டி அது. பொறியியலின் பார்வையில் இதற்கு ஒரு தூய்மை உண்டு. ஒவ்வொரு உறுப்பும் ஒரே நோக்கத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. பேருந்தையும் லாரியையும் சந்தையின் தேவை வடிவமைக்கிறது. இதையோ பெரும்பாலும் காற்றும் எடையும் வளைவும் வடிவமைக்கின்றன. நல்ல வெண்பாவில் ஓர் அசையை எடுத்துவிட முடியாது என்பார்களே, அத்தகைய இறுக்கம் சில கார்களில் இருக்கிறது. சிவகாசியில் அச்சான நோட்டுப்புத்தக அட்டைகளிலும் காலண்டர்களிலும் இக்கார்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அந்தக் கோடுகளின் அழகை மறுப்பது பொய்.

இரண்டாவது, ஓட்டுகிறவரின் கவனம். சாதாரணக் காரில் ஒருவர் பாதித் தூக்கத்தில்கூடப் போய்ச் சேர்ந்துவிடலாம். கூர்மையான வண்டி ஓட்டுநரின் கையையும் காலையும் கண்ணையும் முழுதாகக் கேட்கிறது. மனிதன் முழுக் கவனத்தோடு செய்யும் செயல்கள் நம் வாழ்வில் குறைந்துகொண்டே வருகின்றன. அவற்றில் ஒன்றைத் தரும் பொருள் என்பதால் அதற்கு மதிப்பு உண்டு.

மூன்றாவது நன்மையைச் சொல்வதற்குமுன் ஒரு குற்றச்சாட்டை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. 'ஒரு பயனும் இல்லாத பொருளுக்குக் கோடிகளைக் கொட்டுவது ஏழை நாட்டில் பாவம்' என்பதே பொதுவாகச் சொல்லப்படும் எதிர்வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கரிசல் காட்டின் அனுபவம் இதற்கு மாறானது.

விருதுநகர், தூத்துக்குடி, இராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மாவட்டங்களில் கோயில் கொடை, பொங்கல் என்று வந்தால் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் நடக்கும். பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனத் தரம் பிரித்து வண்டிகளை விடுவார்கள். குறித்த எல்லை வரை ஓடித் திரும்ப வேண்டும். இந்தப் பந்தய மாடு உழாது. பாரம் இழுக்காது. அதற்கென்று பருத்திவிதையும் உளுந்தும் தனியாக வைக்க வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும், நடத்திக் கூட்டிப்போக ஆள் வைக்க வேண்டும். வென்றால் கிடைக்கும் பரிசு பல வேளைகளில் தீனிச் செலவுக்கே காணாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். பஞ்சம் கண்ட பூமியில், பயனற்ற, அதிவேகமான, அழகான ஒன்றை வைத்துக் காப்பாற்றுவதைப் பெருமையாகக் கொண்டிருக்கிறார்கள். பயன் இல்லை என்பதை மட்டும் குற்றமாகச் சொன்னால் அந்த மாட்டையும் தொழுவத்திலிருந்து அவிழ்த்துவிட வேண்டியிருக்கும். மனிதனுக்குச் சோறு மட்டும் போதும் என்று கரிசல்காட்டுச் சம்சாரி ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. ஆகவே கார்க்காரரிடம் மட்டும் அதைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இன்னும் ஒன்று. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தபோது, அதற்கு அடிப்படையாக நின்றது விலங்கின் வலி. 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட கூட்டமும், அதையொட்டித் தமிழ்நாடு இயற்றிய சட்டத் திருத்தமும், தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலச் சட்டங்களும் செல்லும் என்று 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு சொன்னதும் நாம் அறிந்தவை. தீர்ப்பு எதுவாயினும், மாட்டுக்கு வலிக்கும் என்ற உண்மை மாறவில்லை. சாட்டையும் வால் முறுக்கலும் பந்தயத்தில் இல்லவே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. எந்திரத்துக்கு வலி கிடையாது. இதுதான் நாம் சொல்ல வந்த மூன்றாவது நன்மை: வேகத்தின் இன்பத்தை இன்னோர் உயிரின் முதுகில் ஏறிப் பெறாமல், இரும்பிலிருந்து பெறுகிற வாய்ப்பு.

இனித் தீமைகள். சில்லறையானவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். இந்தியச் சாலைகள் சங்க விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். நம் ஊர்களில் விதிப்படி அமைந்த வேகத்தடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தரையிலிருந்து ஏறத்தாழ அதே உயரத்தில் அடிவயிறு இருக்கும் வண்டி, ஒவ்வோர் ஊர் முகப்பிலும் பக்கவாட்டில் சாய்ந்து ஊர்ந்து ஏற வேண்டும். பழுது பார்க்கப் பெருநகரத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு டயரின் விலைக்கு இங்கே ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம். இவையெல்லாம் உரிமையாளரின் கவலை, அவர் படட்டும்.

வரி அப்படியல்ல, அது பொதுக் கவலை. முழுதாகக் கட்டப்பட்டு இறக்குமதியாகும் விலையுயர்ந்த கார்களுக்கான சுங்கம், நெடுங்காலமாகவே காரின் விலைக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ இருந்து வந்திருக்கிறது. பெரிய கார்களுக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய காருக்கு 2023 நவம்பர் முதல் ஆயுள்கால வரி 20 விழுக்காடு. இவ்வளவும் சேரும்போது, வாங்கும் வசதி உள்ளவர்களும் விலக்குக் கேட்கத் தொடங்குகிறார்கள். டான் பிராட்மனின் 29 சதங்களைச் சமன் செய்ததற்காகச் சச்சின் டெண்டுல்கருக்கு 2002இல் ஃபெராரி 360 மொடெனா ஒன்று பரிசளிக்கப்பட்டது. அதற்கு ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட சுங்கத்தை அரசு விலக்கப்போய், எதிர்ப்பு எழுந்து, விவகாரம் நீதிமன்றம் வரை போய், கடைசியில் பரிசளித்த ஃபியட் நிறுவனமே வரியைக் கட்டியது. 2011இல் அந்தக் கார் சூரத் வணிகர் ஒருவருக்கு விற்கப்பட்டது. நடிகர் விஜய் 2012இல் இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸ் ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, சொகுசுக் கார். ஆனால் வழக்கின் வகை ஒன்றுதான். அதன் நுழைவு வரி குறித்த மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் தள்ளுபடி செய்து ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. அபராதத்தை அதே உயர் நீதிமன்றத்தின் அமர்வு நிறுத்திவைத்தது. தனி நீதிபதியின் கடுமையான சொற்களும் 2022இல் நீக்கப்பட்டன.

வரியை எதிர்த்து வழக்காடுவது எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமை. அதில் நாம் குறை காணவில்லை. ஆனால் கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதை நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. அந்தக் கதையில் வரும் குழந்தைகளுக்கு வண்டியென்று ஒன்றுமில்லை. வீட்டுக் கதவையே வண்டியாக்கி ஏறி ஆடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவு ஒருநாள் கழற்றிக்கொண்டு போகப்படுகிறது. கரிசல் காட்டில் வரி என்பது தலையாரி வாசலில் வந்து நிற்பது. வழக்காடும் காலம் ஒன்று அவர்களுக்கு இருந்ததில்லை. ஒன்பது ஆண்டுகள் வாதாட முடிவதும் ஒரு செல்வம்தான். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் வரியை முணுமுணுப்பின்றிக் கட்டிவிடுவது, வண்டியின் அழகோடு சேர்ந்த ஒரு கண்ணியம் என்றே நமக்குப் படுகிறது.

இருந்தும் வரியும் விலையும் இந்தக் காரின் பெரிய தீமை அல்ல. பெரிய தீமை, அந்த வண்டியின் இயல்புக்கு ஏற்ற இடம் நம் சாலைகளில் இல்லை என்பதே.

பந்தல்குடிப் பக்கம் நான்குவழிச் சாலையைக் கடப்பவர்கள் யார்? பஸ்ஸைவிட்டு இறங்கி எதிர்ப்பக்கம் போகும் பள்ளிப் பிள்ளைகள். விறகுக்கட்டோடு வரும் பெண்கள். இருசக்கர வண்டியில் பால் கேனைக் கட்டிக்கொண்டு வருபவர். இன்னும் தெற்கே போனால் வேம்பூர். பொட்டு ஆடு என்று பெயர்பெற்ற செம்மறி இனத்துக்கு ஊர்ப்பெயரைக் கொடுத்த இடம் அது. அந்தப் பக்கத்துக் கிடை ஆடுகள் சாலைக்கு இருபுறமும் மேயும். நெடுஞ்சாலை வந்தபோது நிலம் இரண்டாகப் பிரிந்ததே தவிர, மக்களின் வேலை இரண்டாகப் பிரியவில்லை. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் காடு. கடந்துதான் ஆக வேண்டும்.

கடப்பவர் வேகத்தை எப்படிக் கணிக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரியையும், மதுரைப் பேருந்தையும் பார்த்துப் பழகிய கண் அது. இவ்வளவு தூரத்தில் வண்டி தெரிந்தால் இவ்வளவு நேரம் இருக்கிறது என்ற கணக்கு அவர் காலுக்குப் பழக்கம். தாழ்ந்த, சிறிய கார் முதலில் கண்ணுக்கே தாமதமாகத்தான் படும். பட்ட பிறகும் அவர் கணக்குக்கு முன்பே வந்துவிடும். மணிக்கு 120 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 33 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகுமானால், அதற்குள் 50 மீட்டர் கடந்துவிடுகிறது. பிரேக் எவ்வளவு உயர்ந்ததாயினும் அந்த 50 மீட்டரில் அதற்கு வேலை இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஓட்டுநர் எவ்வளவு தேர்ந்தவர் என்பது இங்கே பொருட்டல்ல. சாலையைக் கடக்கும் முதியவர் அந்தப் பந்தயத்தில் பெயர் கொடுக்கவில்லை என்பதே பொருட்டு.

2023இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 72 ஆயிரத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் மட்டும் 18 ஆயிரத்துக்கும் மேல். இவற்றில் ஸ்போர்ட்ஸ் காரின் பங்கு மிகச் சிறியது என்று அதன் ஆதரவாளர்கள் சொன்னால் அது உண்மைதான். எண்ணிக்கையில் லாரிகளும் சாதாரணக் கார்களுமே அதிகம். ஆனால் லாரி தன் வேலையின் போக்கில் விபத்துக்குள்ளாகிறது. இந்த வண்டிக்கோ வேகமே வேலை. அதிவேகத்தால் இறந்தவர்களே மொத்தத்தில் பெரும்பான்மை என்று அரசின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்லிவருகின்றன.

2024 மே 19 அதிகாலையில் புனேயின் கல்யாணி நகரில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மோட்டார் சைக்கிளில் சென்ற இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் ஒரு போர்ஷே கார் மோதி இறந்தார்கள். ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் 17 வயதுச் சிறுவர். விலையுயர்ந்த அந்தக் கார் முறையாகப் பதிவு செய்யப்படவில்லை. பாக்கியிருந்த கட்டணம் 1,758 ரூபாய். சில மணி நேரத்தில் பிணை கிடைத்தது. விபத்தைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பின்னர் அந்த உத்தரவு மாற்றப்பட்டது. கட்டுரை எழுதுவதைத் தொழிலாகவும் பொழுதுபோக்காகவும் கொண்ட நம்மைப் போன்றவர்களுக்கு அந்த நிபந்தனை தந்த கூச்சம் கொஞ்சநஞ்சமல்ல.

வேகமான வண்டியும் அதன்முன் குறுக்கிடும் உயிரும் தமிழுக்குப் புதிய பொருள் அல்ல. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கிய கதையை நாம் நீதியின் கதையாகவே படித்து வந்திருக்கிறோம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலும் மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு. அது சாலையின் கதையும்கூட. வீதி யாருக்கு உரியது என்ற கேள்வி அதில் இருக்கிறது. அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவனோ தேரை விரைந்து ஓட்டி வருகிறவன். ஆயினும் பூவில் துணையோடு இருக்கும் வண்டுகள் மிரளுமே என்று மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அவன் வேகத்தைக் கைவிடவில்லை. வேகம் போகும் வழியில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறான். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊர் நடுவே உறுமிப்போகும் வண்டிகளைக் கேட்கும்போது அந்தத் தலைவன் நினைவுக்கு வராமலிருப்பதில்லை.

இப்போது மாட்டுவண்டிப் பந்தயத்துக்குத் திரும்புவோம். அதுவும் பொதுச் சாலையில்தான் நடக்கிறது. ஆனால் நாள் குறித்து, அனுமதி வாங்கி, போக்குவரத்தை நிறுத்தி, ஊருக்கு அறிவித்து நடக்கிறது. மைக்கில் சொல்கிறார்கள். பிள்ளைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஓரத்தில் நிற்கிறவர் தெரிந்தே நிற்கிறார். மாடு ஒருவருடையது, வேகம் ஊர் முழுவதுக்கும் உரியது. வென்ற மாட்டின் பெயரையும் அதன் ஊரையும் எல்லோரும் சொல்வார்கள். அங்கும் விபத்து உண்டு, ஆபத்து உண்டு. ஆனால் அது ஊர் சம்மதித்த வேகம். நான்குவழிச் சாலையில் தனியொருவர் மிதிக்கும் வேகத்துக்கு அப்படி ஒரு சம்மதம் கிடையாது.

அந்தச் சம்மதத்துக்குக் கார் உலகில் உள்ள பெயர் பந்தயத் தடம். நம் மாநிலம் இந்த விஷயத்தில் ஏழையும் அல்ல. 1953இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர்க்காலத்தில் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தைப் பந்தயக் களமாக்கியது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே தடம் வந்தது. கோவையின் எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற மலிவான பந்தயக் காரை உருவாக்கினார். பந்தயம் கோடீஸ்வரர்களின் விளையாட்டாக மட்டும் இருக்கக்கூடாது என்பதை அந்தச் சிறிய கார் செய்து காட்டியது. 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவைக்கருகே செட்டிபாளையத்தில் உள்ள தடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

அஜித் குமாரின் உதாரணம் இன்னும் அண்மையது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அவருடைய போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்றது. காயமின்றி அவர் வெளியே நடந்து வந்தார். சில நாள் கழித்து அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. அந்த வீடியோவை ஆர்ப்பரித்துப் பகிர்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். அவரைக் காப்பாற்றியது தடுப்புச் சுவரும், வண்டிக்குள் கட்டிய இரும்புக் கூடும், தலைக்கவசமும், எதிரே எவரும் வராத தடமும். அதே மோதல் பந்தல்குடி விலக்கில் நடந்திருந்தால் இறப்பவர் ஓட்டுநராக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே நம் கருத்து இது. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பது தவறல்ல. அழகுக்காக, திறமைக்காக, வீண் ஆசைக்காகவே கூட வைத்திருக்கலாம். பந்தய மாட்டைத் தொழுவத்தில் கட்டிய பூமி அதைப் புரிந்துகொள்ளும். ஆனால் அந்தக் காரின் விலையில் மூன்று செலவுகள் சேர்ந்தே இருக்கின்றன என்று வாங்குகிறவர் கொள்ள வேண்டும். ஒன்று வரி, முழுதாக, காலத்தில். இரண்டு, அதை ஓட்டக் கற்றுக்கொள்ளும் செலவு. பணம் கொடுத்துக் காரை ஒரே நாளில் வாங்கலாம், கையை வாங்க முடியாது. மூன்று, தடத்துக்குப் போய்வரும் செலவு. இருங்காட்டுக்கோட்டையோ செட்டிபாளையமோ தொலைவு என்பவர், பந்தய மாட்டை வேனில் ஏற்றி மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகும் சம்சாரியைப் பார்த்துக் கொள்ளலாம்.

அரசுக்கும் ஒரு சொல். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 பந்தயம் நடத்தினார்கள். நகர நடுவில் அது தேவையா என்ற விவாதம் நடந்தது, நடக்கவும் வேண்டும். ஆனால் தென் மாவட்டங்களில் பயிர் ஏறாத தரிசு எவ்வளவோ கிடக்கிறது. அதில் ஓரிடத்தில், இளைஞர்கள் குறைந்த கட்டணத்தில் தங்கள் மோட்டார் சைக்கிளையும் காரையும் முறையாக விரட்டிப் பார்க்க ஒரு சிறிய தடம் அமைத்தால், பந்தயம் நடத்துவதைவிடப் பெரிய காரியமாக இருக்கும். நம் பிள்ளைகளுக்கு வேகத்தில் ஆசை இருக்கிறது. அதைத் தீர்த்துக்கொள்ள நாம் கொடுத்திருக்கும் ஒரே இடம் நெடுஞ்சாலை. அதற்கான கூலியைச் சாலையைக் கடப்பவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதுவரை, அந்தச் சாலையில் வரும் கார்க்காரர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. பந்தல்குடி வரும்போது காலைக் கொஞ்சம் எடுங்கள். ஆடு கடக்கட்டும்.